பழைய சொகுசு ஆஃப்ரோடு எஸ்யூவி வாங்குவோருக்கு: எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்

புதிதாக வந்தபோது அண்ணாந்து பார்த்த ரேஞ்ச் ரோவர், பத்துப் பன்னிரண்டு வருடம் கழிந்ததும் ஒரு புதுச் சின்னக் காரின் விலைக்கு இறங்கி வந்துவிடும். இறங்குவது வண்டியின் விலை மட்டும்தான். ஏர் சஸ்பென்ஷன் (காற்று நிரப்பிய ரப்பர் ஸ்பிரிங்குகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) கம்ப்ரசர், கியர்பாக்ஸ், டர்போ இவற்றின் விலை அப்படியே நிற்கும். கழற்றி மாட்டும் கூலியும் குறையாது. அதனால் கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடக் கூடாது. நான்கில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்துக்குள் வண்டி தேடுங்கள். அந்தப் பங்கை ஒதுக்க முடியாதென்றால் ஒரு படி கீழே இறங்கி, எளிமையான வண்டியாகப் பார்ப்பதே நல்லது.

இந்த வண்டிகளில் பெரிய பாகங்கள் பெரும்பாலும் தாமாகச் சாவதில்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பாகம் கெட்டு, அதை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டதால் சாகின்றன. ஏர் ஸ்பிரிங் ரப்பரில் மெல்லிய வெடிப்பு விழுந்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடிக் கருகும். நான்கு டயரும் நான்கு விதமாகத் தேய்ந்திருந்தால், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் சூடாகும். சன்ரூஃபின் வடிகால் குழாய் அடைத்துக்கொண்டால் கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் மின்னணுப் பெட்டி நனையும். வண்டி பார்க்கப் போகும்போது கண் தேட வேண்டியது இந்தச் சின்னக் கோளாறுகளைத்தான். பெயின்ட் பளபளப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வீட்டிலிருந்தே முடிக்க வேண்டியது

எந்த மாடல் என்பதற்கு முன், லோ ரேஞ்ச் (மெதுவாக, ஆனால் அதிக இழுவிசையோடு போக உதவும் கூடுதல் கியர்) வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். செங்குத்தான பாறை ஏற்றம், ஆழமான சேறு, கனமான டிரெய்லரோடு சரிவில் ஏறுவது இவற்றுக்கு அது வேண்டும். மண் சாலை, மழைச் சாலை மட்டும் என்றால் தேவையில்லை. வெளித்தோற்றத்தை வைத்து லோ ரேஞ்ச் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. முதல் தலைமுறை போர்ஷே கயானில் உண்டு. 2010இல் வந்த இரண்டாம் தலைமுறையில் எடுத்துவிட்டார்கள். லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4இன் பிந்தைய ஆண்டுகளிலும் டிஸ்கவரி 5இலும் லோ ரேஞ்ச் இல்லாத ஒற்றை வேக ட்ரான்ஸ்ஃபர் கேஸோடு வந்த வண்டிகள் இருக்கின்றன. 2011 முதலான ஜீப் கிராண்ட் செரோக்கியில் குவாட்ரா-ட்ராக் 1 என்றால் லோ ரேஞ்ச் கிடையாது. குவாட்ரா-ட்ராக் 2, குவாட்ரா-டிரைவ் 2 என்றால் உண்டு. விளம்பரத்தில் “ஃபுல் ஆஃப்ரோடு” என்று எழுதியிருந்தாலும் சென்டர் கன்சோலின் படத்தைக் கேட்டு வாங்கி, மலைச் சின்னமோ லோ பட்டனோ இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து உடல் அமைப்பு. லேண்ட் க்ரூஸர், லெக்ஸஸ் எல்எக்ஸ், மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் மூன்றும் தனி இரும்புச் சட்டத்தின் (ஃபிரேம்) மேல் உட்கார்ந்தவை. அடி வாங்கினால் தாங்கும். துருப்பிடித்தால் சட்டத்தையே பார்க்க வேண்டும். டிஸ்கவரி 3, 4 இரண்டிலும் மோனோகாக் உடலும் (தனிச் சட்டம் இல்லாமலே எடையைத் தாங்கும் உடல்) சட்டமும் சேர்ந்தே இருக்கின்றன. உறுதியான அமைப்புதான். ஆனால் டர்போ போன்ற பெரிய வேலைக்குப் பல பட்டறைகள் உடலையே சட்டத்திலிருந்து தூக்கிவிடுவார்கள், கூலி அங்கே ஏறும். 2012 முதல் 2021 வரை வந்த ரேஞ்ச் ரோவரின் உடல் அலுமினியம். துரு பயம் குறைவு. விபத்தில் அடிபட்டதைச் சரியாக ஒட்டவும் ரிவெட் அடிக்கவும் அதற்கென்றே பயிற்சி பெற்ற பட்டறை வேண்டும்.

பிறகு சேஸிஸ் எண். பதினேழு எழுத்துகள் கொண்ட அந்த எண்ணை விற்பவரிடம் கேட்டு வாங்கி, தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, முடிக்காத ரீகால் (குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் வண்டியைத் திரும்ப அழைப்பது) ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். டகாடா காற்றுப்பை ரீகால் பல பிராண்டுகளைத் தொட்டது. அது பாக்கியிருந்தால் வாங்கும் முன் விற்பவரே செய்து தரட்டும். எண்ணைத் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை மட்டும் போதாது, பில் வேண்டும். எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டரில் என்று பில்தான் சொல்லும். ஐந்து வருடத்தில் கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு ஒரு பில்லும் இல்லாத வண்டியை விட, கொஞ்சம் அதிகம் ஓடி எல்லா பில்லும் இருக்கிற வண்டி மேல்.

மாடலுக்கு மாடல் மாறும் நோய்கள்

பொதுவாகப் பார்ப்பது எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். ஆனாலும் ஒவ்வொரு மாடலுக்கும் தனி நோய் உண்டு, அதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

லேண்ட் ரோவரின் 2.7, 3.0 லிட்டர் வி6 டீசல்களில் பேரிங் சுழன்று கிராங்க் ஷாஃப்ட்டே முறிந்த வண்டிகள் உண்டு. முன்கூட்டியே கண்டுபிடிக்க உறுதியான சோதனை எதுவும் கிடையாது. தொழிற்சாலை சொல்லும் நீண்ட இடைவெளியில் பாதியிலேயே எண்ணெய் மாற்றியிருந்தால் கொஞ்சம் நிம்மதி, அவ்வளவுதான். 2.7இன் டைமிங் பெல்ட்டுக்கு ஏழு வருடம் அல்லது சுமார் 1.68 லட்சம் கி.மீ. கெடு, எது முதலில் வருகிறதோ அது. இன்ஜினின் பின்பக்கம் டீசல் பம்பைச் சுழற்றும் இன்னொரு பெல்ட் இருக்கிறது. முன் பெல்ட்டை மாற்றிவிட்டு இதை அப்படியே விட்ட பட்டறைகள் ஏராளம். பில்லில் இரண்டும் இருக்கின்றனவா என்று படியுங்கள். முன் பெல்ட் வேலையின்போது வலுப்படுத்திய புது ஆயில் பம்பும் போட்டிருந்தால் நல்லது. பழைய 2.7களில் பெல்ட் டென்ஷனரைத் தாங்கும் பகுதி ஆயில் பம்ப் உறையோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. அது உடைந்தால் பெல்ட்டும் போகும்.

அதே நிறுவனத்தின் 5.0 லிட்டர் பெட்ரோல் வி8இல், ஆரம்ப ஆண்டு வண்டிகளின் டைமிங் செயின் வழிகாட்டியும் டென்ஷனரும் தேயும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் முன்பக்கமிருந்து சில நொடிகள் கடகடவென்று வரும் சத்தம்தான் அடையாளம். இந்த இன்ஜினிலும், இதே குடும்பத்தில் வந்த 3.0 சூப்பர்சார்ஜ்ட் வி6இலும் கூலன்ட் குழாய்கள் பிளாஸ்டிக். ஒன்று முன்னால் இருக்கும். இன்னொன்று சூப்பர்சார்ஜருக்கு அடியில் பின்னால் ஒளிந்திருக்கும். வருடம் ஏற ஏற ஒட்டிய இடத்தில் வெடிக்கும். கூலன்ட் போனது தெரியாமல் கொஞ்ச தூரம் ஓட்டினாலும் அலுமினிய இன்ஜின் வளைந்துவிடும்.

முதல் தலைமுறை கயான் வி8இலும் இதே கதை. இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுப்பள்ளத்தில் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் போகின்றன; அலுமினியக் குழாய் போட்டதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங்கைத் தாங்கும் ரப்பர் கிழிந்தால், வேகம் எடுக்கும்போது இருக்கைக்கு அடியில் தடதடவென்று அடிக்கும். வி8இல் சிலிண்டர் சுவர் கீறல் விழும் நோயும் உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி போரஸ்கோப் (குட்டிக் கேமரா) விட்டுப் பார்க்காமல் அந்த இன்ஜினை வாங்காதீர்கள்.

மெர்சிடிஸ் எம்எல், ஜிஎல் வரிசையின் 3.0 வி6 டீசலில் ஆயில் கூலர் சீல் கசியும். சீல் விலை சொற்பம், ஆனால் அது இருப்பது இன்ஜின் நடுப்பள்ளத்தின் அடியில். டர்போவையும் இன்டேக்கையும் கழற்றாமல் கை போகாது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டினால், பின் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். ஜி-கிளாஸின் பழைய உருவம் 1990 முதல் 2018 வரை வந்தது. மூன்று டிஃபரன்ஷியலும் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரப் பெட்டி) பூட்டும் என்பது அதன் பெருமை, துரு அதன் பலவீனம்: கண்ணாடி ஓரங்கள், பின் கதவு விளிம்பு, கதவுக்கீல் இடங்கள்.

லேண்ட் க்ரூஸரும் லெக்ஸஸும் எளிதில் கெடாதவை என்ற பேர் வாங்கியவை, அதற்கேற்ப விலையும் சொல்வார்கள். அதை நம்பிப் பரிசோதனையைக் குறைத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. 100 வரிசையின் 4.7 வி8க்கு டைமிங் பெல்ட் உண்டு, சுமார் 1.5 லட்சம் கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 200 வரிசையின் 5.7 வி8இல் ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியில் மயிரிழை விரிசல் விழும், இளஞ்சிவப்புப் படிவு காட்டிக்கொடுக்கும். லெக்ஸஸ் எல்எக்ஸ்470இல் உயரத்தை மாற்றுவது காற்றல்ல, ஹைட்ராலிக் எண்ணெய். வண்டியை ஏற்றி இறக்கும்போது அதன் தொட்டியில் எண்ணெய் மட்டம் நன்றாக ஏறி இறங்க வேண்டும். மிகக் கொஞ்சமாக அசைந்தால் வாயு அடைத்த அக்யூமுலேட்டர் உருண்டைகள் செத்துவிட்டன என்று பொருள். ஓட்டும்போதும் கட்டை வண்டி மாதிரி குலுக்கும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள்

காலையில், விற்பவர் வண்டியைத் தொடும் முன்பே போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் போனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்கத்தான் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் தொட்டியைத் திறந்து பாருங்கள். மூடியின் உள்ளே காப்பி நிறக் குழம்பு, தொட்டியில் எண்ணெய்ப் படலம், வெறும் தண்ணீர், எது இருந்தாலும் எச்சரிக்கை. குழாய் இணைப்புகளில் காய்ந்த உப்பு மாதிரி வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ படிந்திருந்தால் அங்கே கசிந்து ஆவியாகியிருக்கிறது. டீசலில் டிப்ஸ்டிக் காட்டும் எண்ணெய் மட்டம் மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். குறுகிய ஓட்டத்தில், புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி முழுதாக எரிந்து சுத்தமாவதில்லை. அதற்காகப் பீய்ச்சிய டீசல் எண்ணெயோடு கலந்து மட்டத்தை உயர்த்தியிருக்கும். எண்ணெய் நீர்த்தால் பேரிங் தேயும்.

இப்போது ஒருவர் ஸ்டார்ட் செய்ய, மற்றொருவர் சைலன்சருக்குப் பின்னால் நிற்க வேண்டும். நீலப் புகை நீடித்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வந்து, இன்ஜின் சூடான பிறகும் நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது. டீசலில் சட்டென்று ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது கொஞ்சம் கரும்புகை வரலாம். டிபிஎஃப் உள்ள வண்டியில் அது வரவே கூடாது. வந்தால் உள்ளே வடிகட்டி விரிசல் விட்டிருக்கும், அல்லது குடைந்து எடுத்திருப்பார்கள். அப்படி எடுத்த வண்டி பல நாடுகளில் புகைச் சோதனையில் தேறாது.

ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல் பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் சீல்) மேல் சந்தேகம் வந்தால் மெக்கானிக்கிடம் பிளாக் டெஸ்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். கூலன்ட் தொட்டியின் வாயில் வைக்கும் நீல திரவம் மஞ்சளானால், எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வருகிறது. பத்து நிமிட வேலை.

ஏர் சஸ்பென்ஷன்: இதற்கு நேரம் கொடுங்கள்

வாங்கியவர்கள் அதிகம் அழுவது இதற்காகத்தான். சோதிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. அளவு நாடா, சோப்புத் தண்ணீர் பாட்டில், கைபேசியில் ஸ்டாப்வாட்ச் போதும்.

1. இன்ஜின் அணைந்திருக்கும்போதே, சமதளத்தில், ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். இடமும் வலமும் சில மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.
2. ஸ்டார்ட் செய்து, ஆட்கள் ஏறி இறங்கும் தாழ்ந்த உயரத்திலிருந்து சாதாரண உயரத்துக்கும், அங்கிருந்து ஆஃப்ரோடு உயரத்துக்கும் போகச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 50 மி.மீ. இருக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்தால் கம்ப்ரசர் களைத்துவிட்டது, அல்லது எங்கோ காற்று போகிறது.
3. உயர்ந்து நின்ற பிறகு காது கொடுங்கள். கம்ப்ரசர் கொஞ்ச நேரத்தில் ஓய வேண்டும். ஓயாமல் முனகினால் கசிவு. கரகரவென்று அரைத்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது.
4. ஆஃப்ரோடு உயரத்திலேயே அணைத்துவிட்டு, அரை மணி நேரம் மற்ற வேலைகளைப் பாருங்கள். திரும்பி வந்து அளந்தால் கண்ணுக்குத் தெரிய இறங்கியிருக்கக் கூடாது.
5. ஏர் ஸ்பிரிங்கின் ரப்பர் மடியும் இடத்திலும் குழாய் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ரப்பரின் அடிமடிப்பில் மண் புகுந்து அறுத்திருக்கும். நுரை பொங்கினால் கசிவு அங்கேதான்.

லேண்ட் ரோவர்களில் ஒரு சூட்சுமம் உண்டு. நிறுத்தி வைத்த வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டி அவ்வப்போது விழித்துக்கொண்டு, எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கு மற்ற மூன்றையும் இறக்கிச் சமன் செய்யும். அதனால் ஒரே ஒரு ஸ்பிரிங் கசிந்தாலும் மறுநாள் வண்டி நான்கு பக்கமும் சமமாகத் தாழ்ந்து நிற்கும். “எல்லாமே சமமாத்தான் இருக்கு, பாருங்க” என்பது அங்கே பதிலாகாது. முந்தின நாள் அளவோடு ஒப்பிட வேண்டும்.

கம்ப்ரசரை ஏற்கெனவே மாற்றிவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஏன் கெட்டது, ரிலேயை (கம்ப்ரசருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) மாற்றினீர்களா? கசிவைச் சரிசெய்யாமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் புதுக் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகும். அதன் உலர்த்திக் குப்பியில் ஈரம் நிறைந்துவிட்டால் தண்ணீர் வால்வு பிளாக்குக்குள் போய்த் துருவேறும், கடுங்குளிரில் உறைந்தும்விடும். ஜீப்பின் குவாட்ரா-லிஃப்ட் நைட்ரஜன் நிரப்பிய மூடிய அமைப்பு. கசிந்தால் வெளிக்காற்றை இழுத்து ஈடுகட்டாது. ஓட்டையை அடைத்து, மறுபடி நிரப்பினால்தான் உயரும்.

காயில் ஸ்பிரிங் போட்டு ஏர் சஸ்பென்ஷனையே எடுத்துவிட்ட வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. ஓடும், செலவும் குறைவு. ஆனால் இறங்கி ஏறும் உயரமும், பாறையில் வயிற்றைத் தூக்கும் வசதியும் போய்விட்டன. விலை அதற்கேற்பக் குறைய வேண்டும்.

அடிப்பக்கம்

லிஃப்டில் ஏற்றாமல் இந்த வகை வண்டியை வாங்கவே கூடாது. ஜாக்கி வைத்துக் குனிந்து பார்ப்பதெல்லாம் கணக்கில் வராது.

சட்டத்தில் மேல்தோல் துரு இருந்தால் பரவாயில்லை. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று ஒலிக்கும் இடம் நல்லது, பொத்தென்று மந்தமாகக் கேட்கும் இடம் உள்ளே அரித்திருக்கிறது. பின்சக்கரத்துக்கு மேலே வளையும் பகுதி, குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள், டீசல் தொட்டிக்கு மேலே போகும் பிரேக் குழாய்கள், இந்த மூன்றிலும்தான் சேறு தங்கி அரிக்கும். விற்பதற்கு முந்தின வாரம் அடித்த மாதிரி கறுப்புக் கோட்டிங் மினுமினுத்தால் அதற்குள் என்ன இருக்கிறதென்று சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

ஆஃப்ரோடு போன வண்டியை விட, தப்பாகப் போன வண்டியைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கிட் பிளேட்டில் கீறல் இருப்பது இயல்பு. அது அதன் வேலை. ஆனால் கதவுக்கு அடியில் ஓடும் உடல் விளிம்பு (சில்) நசுங்கியிருப்பது, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் உறையில் அடி, கன்ட்ரோல் ஆர்மில் வளைவு, ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் காய்ந்த சேற்றுக் கட்டி, இவை அலட்சியத்தின் தடயம். சேறு அடைத்த ரேடியேட்டர்தான் அடுத்த கோடையில் கியர்பாக்ஸை வேக வைக்கும்.

முன், பின் டிஃபரன்ஷியல் இரண்டிலும் நிரப்பும் நட்டைத் திறந்து விரலை விடுங்கள். எண்ணெய் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ வந்தால் சரி. பால் கலந்த மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான டிஃபரன்ஷியல் ஆற்றில் இறங்கியதும் உள்காற்று சுருங்கும். சுவாசக் குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பழியெல்லாம் விரல் நீளக் குழாய்க்கு, செலவோ பேரிங்குக்கும் கியருக்கும்.

சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறைகள், கன்ட்ரோல் ஆர்ம் புஷ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் யுனிவர்சல் ஜாயின்ட் எல்லாவற்றையும் கம்பி நெம்புகோலால் அசைத்துப் பாருங்கள். இரண்டரை டன் வண்டியில் புஷ் தேய்வது சகஜம். பேரத்துக்கு உதவும், அதற்காக வண்டியை விட வேண்டாம். அடியில் தொங்கும் ஸ்டெப்னியை ஒருமுறை கீழே இறக்கச் சொல்லுங்கள். டிஸ்கவரிகளில் அந்த வின்ச் துருப்பிடித்து இறுகிக்கொள்வது வழக்கம்.

டயரில் மூன்று விஷயம்: நான்கும் ஒரே பிராண்டு, ஒரே மாடலா, தேய்மான வித்தியாசம் 2, 3 மி.மீ.க்குள் இருக்கிறதா, பக்கவாட்டில் டாட் (DOT) குறியீட்டின் முடிவில் வரும் நான்கு இலக்கம் என்ன. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். எப்போதும் நான்கு சக்கரமும் ஓடும் வண்டியில் விட்டம் மாறினால், சாலையில் போகும் ஒவ்வொரு நொடியும் நடு டிஃபரன்ஷியல் அல்லது கிளட்ச் அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும்.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, மெதுவாக வட்டமடியுங்கள், இரண்டு பக்கமும். டக்டக் என்றால் சிவி ஜாயின்ட். வண்டியே விட்டுவிட்டு இழுத்துத் துள்ளினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இறுகுகிறது. அல்லது டயர் வித்தியாசம்.

சாலையில் 50 முதல் 80 கி.மீ. வேகத்துக்குள் லேசாக ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டே போங்கள். அதிர்வுப் பட்டை மேல் போகிற மாதிரி ஒரு நடுக்கம் வந்து போனால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப்பில் பிரச்சினை. டிஸ்கவரி 3இலும் பல ரேஞ்ச் ரோவர்களிலும் இருக்கும் இசட்எஃப் ஆறு வேக கியர்பாக்ஸுக்கு “ஆயுள் முழுதும் எண்ணெய் மாற்ற வேண்டாம்” என்று கார் நிறுவனங்கள் சொல்லும். அந்தக் கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்எஃப்போ 80,000 முதல் 1.2 லட்சம் கி.மீ.க்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. தயாரித்தவர் பேச்சைக் கேட்பதே நல்லது. அதன் எண்ணெய்த் தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் தட்டோடு சேர்ந்தே வரும். அதனால் ஃபில்டருக்குத் தட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

லோ ரேஞ்சை மண் தரையில் சோதிக்க வேண்டும். நிறுத்தி, பிரேக் மிதித்து, நியூட்ரலில் போட்டு, லோ அழுத்துங்கள். விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிய வேண்டும். மெதுவாக முன்னும் பின்னும் போய், மறுபடி ஹைக்குத் திருப்புங்கள். லாக்கர் (டிஃபரன்ஷியல் பூட்டு) இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு, விளக்கு எரிகிறதா, அணைத்ததும் விடுகிறதா என்று பாருங்கள். “அதையெல்லாம் யூஸ் பண்ணினதே இல்ல சார்” என்பது நல்ல செய்தியல்ல. வருடக்கணக்கில் அசையாத மோட்டார் இறுகித்தான் கிடக்கும்.

டிஸ்கவரி 3, 4இன் மின்சார ஹேண்ட்பிரேக்கைப் போட்டு எடுங்கள். கிறீச்சென்று அலறினால் உள்ளே டிரம்மில் சேறு, அல்லது ஷூ சரிசெய்யப்படவில்லை. அப்படியே ஓட்டினால் மொத்த மோட்டாரும் போகும்.

ஸ்கேனரும் பேட்டரியும்

கோளாறுப் பதிவைப் படிக்கும் சாதாரண ஓபிடி கருவி இன்ஜினைப் பற்றி மட்டும்தான் பேசும். சஸ்பென்ஷன், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், ஹேண்ட்பிரேக், காற்றுப்பை என்று எல்லாப் பெட்டிகளையும் படிக்கும், அந்தப் பிராண்டுக்கான ஸ்கேனர் வேண்டும். கோளாறு ஒன்றுமே இல்லாமல், வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் ரெடினஸ் சோதனைகளும் “முடியவில்லை” என்று காட்டினால் நேற்றுத்தான் யாரோ கோளாறுப் பதிவை அழித்திருக்கிறார்கள். ஓடோமீட்டர் எண்ணை மற்ற பெட்டிகளில் பதிவாகியிருக்கும் கிலோமீட்டரோடு ஒப்பிடலாம். திருத்தியவர்கள் எல்லா இடத்திலும் திருத்துவது அபூர்வம்.

பேட்டரியை அளக்காமல் எந்த மின்னணுக் கோளாறையும் நம்பாதீர்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 9.6க்குக் கீழே விழக் கூடாது, ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.7க்குள் இருக்கும். பலவீனமான பேட்டரி ஒன்றே சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், ஹேண்ட்பிரேக் என்று வரிசையாகப் பொய்ப்புகார் எழுதும். இதைத் தெரிந்த வாங்குபவருக்கு இது லாபம்.

கடைசியாக முன் இருக்கைக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கிக் கையால் அழுத்துங்கள். ஈரம் என்றால் சன்ரூஃப் வடிகாலா, வெள்ளமா என்று கண்டுபிடிக்க வேண்டும். சீட் பெல்ட்டை முழுதாக இழுங்கள். அடிப்பகுதியில் வண்டல் கோடு இருந்தால் வெள்ளம், விட்டுவிடலாம். எல்லா பட்டனையும் அழுத்துங்கள், சலித்துப் போகும் வரை. இரண்டு சாவியும் வேலை செய்கின்றனவா என்றும் பாருங்கள்.

பேரமும் முதல் மாதமும்

கண்டதையெல்லாம் எழுதி, அந்தப் பிராண்டை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறையில் விலை போட்டு வாங்கி, அந்தத் தாளோடு பேசுங்கள். “குறைச்சுக்கோங்க” என்பதற்குக் கிடைக்காத குறைப்பு தாளுக்குக் கிடைக்கும். சூட்டில் கூலன்ட் குறைவது, சட்டத்தில் ஓட்டை, வெள்ளத் தடயம், கேட்டும் தராத சேஸிஸ் எண், இந்த நான்குக்கும் எந்தக் குறைப்பும் ஈடாகாது.

வாங்கியதும் பில் இல்லாத ஒவ்வொரு திரவமும் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரிசை இதுதான்: பெல்ட் கெடு தாண்டியிருந்தால் முதலில் அது, அப்புறம் இன்ஜின் எண்ணெய், நிறுவனம் சொன்ன தரக்குறியீடு அச்சிட்ட எண்ணெயாகவே, பிறகு கூலன்ட், பிரேக் திரவம், கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல். பழைய எண்ணெயை வடிக்கும்போது வடிகால் நட்டின் காந்தத்தைப் பாருங்கள். பசை மாதிரி மெல்லிய கறுப்புப் பூச்சு இயல்பு; விரலில் குத்தும் துணுக்கு இருந்தால் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

கசிகிற ஏர் ஸ்பிரிங்கைக் கம்ப்ரசர் போகும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள், அதே அச்சின் ஜோடியையும் சேர்த்து. சன்ரூஃப் வடிகால்களில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சக்கரத்துக்குப் பின்னால் வெளியே வருகிறதா பாருங்கள். டிஃபரன்ஷியல் சுவாசக் குழாயை ஊதிப் பார்த்து அடைப்பெடுங்கள். பிறகு மாதம் ஒருமுறை ஏதாவது மண் தரையில் லோ ரேஞ்சும் லாக்கரும் போட்டுச் சில நூறு மீட்டர் ஓட்டுங்கள். அசைந்துகொண்டே இருந்தால்தான் அந்த மோட்டார்கள் இறுகாமல் இருக்கும்.